கவர்னர் கமிட்டியும் கடைக்காரர் சீட்டும்

1. கை தூக்கும் வேலை

எஸ்டேட் மேனேஜராகச் சேர்ந்த பிறகு நான் போன முதல் கமிட்டி மீட்டிங்கில், விஷயம் என்னவென்று தெரிவதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கவுண்ட்ஸ் ஹெட் முழங்கையால் ஒரு இடி இடித்தார், தூக்கினேன். தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்து அஜெண்டாவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பகல் நேரத்தில் பிளாக்குக்கு ஒரு லிஃப்டை நிறுத்திவைக்க நானும் சம்மதித்திருக்கிறேன் என்று. கரண்ட் மிச்சமாம்.

"என்ன சார் இது, ஒரு வார்த்தை கேக்காம கையத் தூக்க வெச்சுட்டீங்க?" என்று ஜி.எம்.மிடம் கேட்டேன்.

பில்டர் கம்பெனியின் ஜி.எம். பாஸ்கர் சார் ஓசூர்க்காரர். கோபமே வராது. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பார். "ரெஜினாம்மா, நீங்க ஆஃபீசர் மெம்பர். உங்களுக்குக் கை இருந்தா போதும். மூளைய கம்பெனி சப்ளை பண்ணும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் சிரித்துவிட்டேன். அவரிடம் அது ஒரு தொல்லை, திட்ட வாய் வராது.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்து, கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தேன். நாலு பிளாக், கீழே ரோட்டைப் பார்த்து ஒரு கடைவரிசை, பின்பக்கம் ஒரு பெரிய காலி மைதானம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடம் முடிந்து ஜனங்கள் குடிவந்த நாளுக்கும், பில்டர் எல்லாவற்றையும் உரிமையாளர்களிடம் ஒப்படைக்கிற ஹேண்டோவர் நாளுக்கும் நடுவில் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் வீடு உங்களுடையது, நாடு பில்டருடையது. கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவது, தண்ணீர் டேங்கர் யாரிடம் வாங்குவது, எல்லாம் அவன் சொன்னதுதான்.

அதைச் சொல்வதற்கு ஒரு கமிட்டி இருந்தது. ஒன்பது பேர். கம்பெனி ஆள் மூன்று: தலைவராக ஜி.எம்., அக்கவுண்ட்ஸ் ஹெட், செக்ரெட்டரியாக நான். மீதி ஆறு பேர் குடியிருப்பவர்கள். ஆனால் ஆறு பேரையும் பொறுக்கி எடுத்தவர் ஜி.எம்.தான். ஒருவருக்குக் கூடுதல் கார் பார்க்கிங், ஒருவருக்கு பால்கனியில் கிரில் போட அனுமதி, பென்ட்ஹவுஸ்காரருக்கு மொட்டைமாடியில் தோட்டம். எல்லாரும் சந்தோஷமாகக் கை தூக்குவார்கள். மீட்டிங் நடந்ததும் இங்கே இல்லை. ரெசிடென்சி ரோடு பக்கம் கம்பெனியின் ஆபீசில், வேலை நாளில், பதினோரு மணிக்கு. ஐ.டி.காரன் எவன் வருவான்?

ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "கவர்னர் கமிட்டி"; ஜி.எம்.தான் கவர்னர்.

அவர்களுக்கு இருந்த ஒரே பயம் பின்பக்க மைதானம். பிளாட் விற்றபோது அது பிள்ளைகள் விளையாடும் இடம் என்றுதான் படம் போட்டுக் காட்டினார்கள். சாயங்காலம் அங்கேதான் ஊரே இருக்கும். ஆனால் அங்கே ஈ பிளாக் என்று ஐந்தாவது கட்டடம் எழும்பப் போகிறது என்று ஒரு பேச்சு. ஹேண்டோவருக்குப் பிறகு கம்பெனியால் அந்த மண்ணைத் தொட முடியாது. அதற்கு முன்னால் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டுச் சம்மதம் கொடுத்துவிட்டால் போதும், கதை முடிந்தது. பேச்சு உண்மைதான். வரைபடத்தை ஜி.எம். மேஜையில் நான் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாது; நான் கம்பெனி சம்பளம் வாங்குகிறவள்.

2. ஒரு நாற்காலி போடுங்க

சி பிளாக்கிலிருந்து நளினி மேடம் என் ஆபீசுக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். பேன்ட், சட்டை, ஸ்போர்ட்ஸ் ஷூ. தினம் காலையில் மைதானத்தை விறுவிறுவென்று சுற்றுவார்.

"அடுத்த கமிட்டி மீட்டிங்குக்கு நான் வரலாமா?"

"நீங்க மெம்பர் இல்லையே மேடம்."

"பேச மாட்டேன்மா. பாக்கத்தான். ஓரமா ஒரு நாற்காலி போடுங்க, போதும்."

இருபது வருஷம் இந்த மாதிரி வேலை பார்த்திருக்கிறேன். பார்க்க மட்டும் வருகிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். எல்லாரும் கத்தத்தான் வருவார்கள். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவர் கணவர் ஹாங்காங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தார். இவருக்கு அங்கே சட்டசபை அலுவலகத்தில் வேலை. உள்ளே பேசுவதையெல்லாம் டைப் அடிக்கிற வேலை. வெள்ளைக்காரன் ஆட்சி, தலைவர் நாற்காலியில் கவர்னர், சுற்றிலும் அவர் வைத்த ஆட்கள்.

"எல்லாம் கவர்னர் பக்கம்தான் கை தூக்குவாங்க. ஆனா மாடியில பார்வையாளர் உக்கார இடம் இருக்கும். மேல நாலு பேர் உக்காந்துட்டா போதும், கீழ இருக்கறவங்க பேச்சே மாறிப் போகும். நான்தானே டைப் அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

ஜி.எம்.மிடம் கேட்டேன். "அந்தம்மாவா? ஏசி காத்து வாங்கிட்டுப் போகட்டும் விடுங்க" என்றார். அவர் செய்த முதல் தப்பு அது.

நளினி மேடம் ஆட்டோவிலும் இல்லை, கேபிலும் இல்லை, டவுன் பஸ்ஸில் ஃப்ளைஓவர் ஏறி வந்து, ஓரமாக உட்கார்ந்து, சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தார். அவ்வளவுதான். அன்றைக்கு ஜி.எம். பேசிக்கொண்டே மிக்சர் தின்பதை நிறுத்தினார். பென்ட்ஹவுஸ்காரர், எப்போதும் போனைத் தடவிக்கொண்டே "ஓகே ஓகே" என்பவர், திடீரென்று நிமிர்ந்து, "இந்த டேங்கர் ரேட்டை வேற எடத்துல கேட்டீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் நளினி மேடத்தைப் பார்த்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் பேனாவைக் கீழே போட்டு எடுத்தேன்.

அடுத்த மாதம் இன்னும் சிலர் வந்தார்கள். லீவு போட்டுவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த மாதம் காரிடார் நிறைந்துவிட்டது. பிளாட் வாங்க வந்த கஸ்டமர்கள் ரிசப்ஷனில் நின்று, "இவங்கள்லாம் யாரு? ஏதாச்சும் கம்ப்ளெயின்ட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். விற்பனைப் பிரிவு ஜி.எம். மேல் பாய்ந்தது. வேறு வழியில்லாமல் மீட்டிங்கை எங்கள் கிளப்ஹவுசுக்கு மாற்றினார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில். யாரும் கொடி பிடிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் அத்தனையையும் செய்தது.

3. குடுக்கறத வாங்கு

கிளப்ஹவுசுக்கு வந்த பிறகு குரல்கள் உயர்ந்தன. டி பிளாக் கார்த்திக், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட், நாற்காலி மேல் ஏறாத குறையாகக் கத்தினான்: "ஆறு சீட்டுக்கும் எலெக்‌ஷன் வைங்க சார்! நாங்க என்ன உங்க பிரஜைகளா?"

ஜி.எம். ஒரு மாதம் யோசித்தார். பிறகு பெரிய மனசு பண்ணுகிற மாதிரி அறிவித்தார். ஆறில் இரண்டு சீட்டுக்குத் தேர்தல். ஏ, பி சேர்ந்து ஒன்று, சி, டி சேர்ந்து ஒன்று. இன்னொரு சீட்டு கீழே இருக்கும் கடைக்காரர்களுக்கு. மிச்சம் மூன்றும் அவர் பொறுக்குகிறவை.

"கடைக்காரங்களுக்கு எதுக்கு சார்?" என்று தனியாகக் கேட்டேன்.

"அது நம்ம சீட்டு ரெஜினாம்மா. கடையெல்லாம் நம்ம லீஸ். எவனாச்சும் வாயத் தொறப்பானா?" என்று கண்ணடித்தார்.

கார்த்திக்கும் அவன் கூட்டாளிகளும் தேர்தலையே புறக்கணிக்கப் போவதாகக் குதித்தார்கள். "பிச்சையா போடறாங்க? வேணவே வேணாம்!" என்றான். மைதானத்து ஓரத்தில் நளினி மேடம் அவனைப் பிடித்து நிறுத்தினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் மூச்சு விடு. ஹாங்காங்ல நூறு வருஷத்துக்கு மேல ஒரு சீட்டுக்குக்கூட எலெக்‌ஷன் கிடையாது. தெரியுமா? கடைசிப் பத்துப் பன்னெண்டு வருஷத்துலதான் எல்லாம் நடந்துது. மொதல்ல தொழில்வாரியா சீட்டு குடுத்தான். வக்கீலுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, வியாபாரிக்கு ஒண்ணு. எல்லாம் சொன்னபடி கேக்கற ஆளுன்னு நெனச்சான். அப்புறம் கொஞ்சம் சீட்டுக்கு ஜனங்க நேரா ஓட்டு போட்டாங்க. அப்புறம் கவர்னர் வெச்ச ஆளே இல்லாம போச்சு. குடுக்கறத வாங்கு. வாங்கிட்டு, உள்ள உக்காந்துக்கிட்டு, மிச்சத்தக் கேளு. வெளிய நின்னு கத்தினா தொண்டைதான் போகும்."

கார்த்திக் முனகிக்கொண்டே தேர்தலில் நின்றான்.

அந்தத் தேர்தலை நடத்தினவள் நான். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. ஜிம்மில் வாக்குச்சாவடி. டேபிள் டென்னிஸ் மேஜையை நடுவில் மடக்கி நிறுத்தினால் அருமையான மறைப்பு; அந்தப் பக்கம் நின்று சீட்டில் டிக் அடித்தால் யாருக்கும் தெரியாது. தேர்தலுக்கு முந்தின ஒரு வாரம், லிஃப்டில் ஏறினால் போதும், யாராவது ஒரு வேட்பாளர் உங்கள் காய்கறிப் பையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வருவார். கன்னடத்தில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுவார், அடுத்த மாடியில் இந்திக்கு. கார்த்திக் ஜெயித்தான். பட்டாசு வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் வெடித்தார்கள்.

கடைக்காரர் சீட்டுக்குப் போட்டியே இல்லை. பேக்கரி வைத்திருக்கும் யூசுப் பாயைத் தள்ளிவிட்டுவிட்டு மற்றவர்கள் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்கள். சலூன், மெடிக்கல், ஜூஸ் கடை, ஸ்டேஷனரி, டெய்லர் கடை, இவ்வளவுதான் அந்த வரிசை.

பாய் வந்த முதல் மீட்டிங்கில் குப்பை வண்டி எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று ஒரு சின்ன விஷயம். ஜி.எம். ஓட்டுக் கேட்டார். எல்லாரும் தூக்கினார்கள். பாய் எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் சார். கேட்டுட்டு வர்றேன்."

"யாரக் கேட்டுட்டு?"

"லைன்ல சார். கடைங்கள."

போயே விட்டார். கிளப்ஹவுஸ் கண்ணாடி வழியாகக் கடைவரிசை தெரியும். ஒவ்வொரு கடையாக நின்று நின்று பேசிவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "ஆறு மணி வாணாமாம். ஏழரை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜி.எம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு பாயிடம் நான் கேட்டேன், நீங்களே முடிவு பண்ணக்கூடாதா என்று. அவர் குடும்பம் சிவாஜிநகர் மார்க்கெட்டில் தலைமுறையாக வியாபாரம் செய்தது. "அங்க அதான் மேடம் பழக்கம். லைன்ல கேக்காம ஒருத்தன் எல்லாருக்கும் சேத்து ஹான், சரின்னு சொல்லிட்டா, நாளைலேந்து அவனுக்கு எவனும் சில்லறைகூட மாத்திக் குடுக்க மாட்டான். இது என் ஓட்டு இல்லியே. கடைங்களோட ஓட்டு. நான் தூக்கிட்டு வர்ற ஆளு, அவ்ளோதான்."

ஜி.எம். அதை ஒரு வேடிக்கையாக விட்டுவிட்டார். மாதா மாதம் பாய் எழுந்து போவார், வருவார். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கு உறைக்க ஆரம்பித்தது. பார்வையாளர் நாற்காலியிலிருந்து ஒரு அம்மா கார்த்திக்கைப் பார்த்து, "பன்னு விக்கறவரு கேட்டுட்டு வர்றாரு. நீ எங்களக் கேட்டியா?" என்று போட்டு உடைத்தார். கார்த்திக் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் அவன் டி பிளாக் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டான்.

4. ஈ பிளாக்

அடுத்த வருஷம் நச்சரித்து நச்சரித்து இன்னும் இரண்டு சீட்டு வாங்கினார்கள். பிளாக்குக்கு ஒன்று என்று நாலு பேர் தேர்தலில் வந்தார்கள். பாய் இருந்தார். ஜி.எம். பொறுக்கியவர்களில் பென்ட்ஹவுஸ்காரர் மட்டும் மிச்சம். ஹேண்டோவருக்குத் தேதியும் குறித்தாயிற்று.

அப்போதுதான் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு அஜெண்டா டைப் பண்ணச் சொன்னார். ஒரே ஒரு தீர்மானம். பின்பக்க மைதானத்தில் ஈ பிளாக் கட்ட கமிட்டியின் சம்மதம்.

"கணக்குப் போட்டுட்டேன் ரெஜினாம்மா. அவங்க நாலு. நாம மூணு, பென்ட்ஹவுஸ் ஒண்ணு, நாலு. பாயோட அஞ்சு. பாய் லீஸ் ரினியூவல் என் டேபிள்லதான் தூங்குது. தீர்மானம் பாஸ் ஆனதும் கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

அன்று மதியம் டீ குடிக்கப் போனபோது யூசுப் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மேடம், எதிர்த்துப் போட்டா என் கடை போயிடும். ஆதரிச்சா இந்தப் புள்ளைங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? நீங்களே சொல்லுங்க."

"பாய், நான் கம்பெனி ஆளு. என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நளினி மேடத்திடம் மட்டும் மனசில் இருந்ததைக் கொட்டினேன். "நான் கம்பெனி பக்கம்தான் கை தூக்கணும் மேடம். எனக்கே கேவலமா இருக்கு."

அவர் நடையை நிறுத்தவில்லை. நானும் மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே ஓடினேன். "தூக்கு. அது உன் வேலை. அங்கயும் அதிகாரிங்க அப்படித்தான், கவர்னர் பக்கம்தான் போடணும். அதுக்காக உன்னை யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ஆனா ஓட்ட எண்ணறதும் நீதானே? அத ஒழுங்கா எண்ணு. அது போதும் எங்களுக்கு."

ஞாயிற்றுக்கிழமை கிளப்ஹவுஸ் வழிந்தது. நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பேட்டும் கையுமாகப் பிள்ளைகள். தீர்மானத்தை நான் வாசித்தேன். ஆதரவு என்றதும் ஜி.எம்., அக்கவுண்ட்ஸ் ஹெட், பென்ட்ஹவுஸ்காரர், நான். நாலு கை. என் கையைப் பார்த்து ஒரு குழந்தை, "ஐயோ, ரெஜினா ஆன்ட்டி!" என்றது. செத்துவிடலாம் போல இருந்தது. எதிர்ப்பு என்றதும் பிளாக்குக்காரர்கள் நாலு பேர்.

யூசுப் பாய் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய்?" என்றார் ஜி.எம்.

பாய் எழுந்தார். "கேட்டுட்டு வர்றேன் சார்."

ஜி.எம். சிரித்தார், ஆனால் அது அவருடைய பழைய சிரிப்பு இல்லை. "இது குப்பை வண்டி விஷயம் இல்ல பாய். பெரிய விஷயம். இப்பவே சொல்லுங்க."

"பெரிய விஷயம்னாதான் சார் கட்டாயம் கேக்கணும்."

"முடியாது. ரெஜினா, பாய் ஆப்சென்ட்னு எழுதுங்க."

அவர் திட்டம் எனக்குப் புரிந்துவிட்டது. பாய் இல்லையென்றால் நாலுக்கு நாலு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. மைதானம் போயிற்று. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பேனா என் கையில். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"சார், எதிர்ல நிக்கற ஆள நான் எப்படி ஆப்சென்ட்னு எழுதறது? முதல் மீட்டிங்லேந்து அவரு போய்க் கேட்டுட்டு வர நீங்கதானே விட்டீங்க? இன்னிக்கு மட்டும் கூடாதுன்னா, இத்தனை பேரு பாக்கறாங்க, நான் என்னன்னு எழுதட்டும்?"

ஜி.எம். நாற்காலிகளைப் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. "பத்து நிமிஷம்" என்றார்.

அப்புறம் நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஹால் முழுக்கக் கண்ணாடிப் பக்கம் பாய்ந்தது. ஜன்னலில் நின்ற பையன்கள் கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்கள். "பாய் ஜூஸ் கடைல நிக்கறாரு! ஜூஸ்காரரு தலைய ஆட்டறாரு!" "எப்படி ஆட்டறாரு, ஆமாவா இல்லையாவா?" "தெரியல அங்கிள்!" சலூன்காரர் ஒரு கஸ்டமரின் பாதி கன்னத்தில் சோப்போடு வெளியே வந்து, சவரக்கத்தியால் மைதானத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ ஆவேசமாகப் பேசினார். மெடிக்கல்காரர் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். டெய்லரம்மா கழுத்தில் டேப்போடு மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். ஜி.எம். மட்டும் எழுந்திருக்கவில்லை, கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாய் தனியாகத் திரும்பி வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அத்தனை கடைக்காரர்களும் பின்னால் வந்தார்கள். சோப்புக் கன்னத்தோடு அந்தக் கஸ்டமரும் வந்தார்.

"லைன்ல கேட்டுட்டேன் சார். சாயங்கால வியாபாரமே அந்த கிரவுண்டுக்கு வர்ற ஜனத்தாலதான். கட்டடம் கட்ட அங்க சுத்தித் தகரம் அடிச்சுட்டா நாங்க ஈ ஓட்டணும். எல்லாரும் ஒரே பேச்சு. ஈ பிளாக் நக்கோ, வாணாம்." கையைத் தூக்கினார். "எதிர்ப்பு."

"லீஸ் ஞாபகம் இருக்கா பாய்?" என்று ஜி.எம். தாழ்ந்த குரலில் கேட்டார்.

டெய்லரம்மா முந்திக்கொண்டார். "பாய்கிட்ட மட்டும் ஏன் சார் கேக்கறீங்க? லீஸ்னா எங்க எல்லார்கிட்டயும் சேத்துப் பேசுங்க. காலி பண்ணணும்னா மொத்த லைனும் பண்ணிடறோம். நீங்க வந்து பன்னு சுடுங்க."

ஹால் சிரித்த சிரிப்பில் ஜி.எம்.மே சிரித்துவிட்டார், பாவம். பாய் ஒருவரைத்தான் அவர் கையில் பிடித்து வைத்திருந்தார். வரிசை முழுக்க ஒன்றாக வந்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

எண்ணினேன். ஆதரவு நாலு, எதிர்ப்பு ஐந்து.

"திரும்ப எண்ணுங்க" என்றார்.

திரும்ப எண்ணினேன். நிதானமாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லி. என் பெயரையும் சேர்த்து. "தீர்மானம் தோற்றது" என்று வாசித்தேன். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஜன்னல் ஏறிக் குதித்து உள்ளே வந்துவிட்டார்கள். கார்த்திக் பாயைத் தோளில் தூக்கப் போய் இரண்டு பேரும் விழுந்தார்கள். நான் போட்ட ஓட்டு தோற்றுப்போய், அந்தத் தோல்விக்காக நான் கண்ணீர் விட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய வெற்றி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் ஜி.எம். என்னை வேலையை விட்டுத் தூக்குவார் என்று பையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "உங்கள என்னன்னு சொல்லித் தூக்கறது? கை நம்ம பக்கம்தான் தூக்கினீங்க" என்றார். பாயின் லீஸ் அந்த வாரமே கையெழுத்தாகி வந்தது. மொத்த வரிசையின் லீஸும் கூடவே வந்தது.

5. ஹேண்டோவருக்கு அப்புறம்

குறித்த தேதியில் ஹேண்டோவர் நடந்தது. சாவிகள், பம்ப் ரூம், ஜெனரேட்டர், வரைபடங்கள், எல்லாம் கைமாறின. கம்பெனியின் மூன்று சீட்டும் பென்ட்ஹவுஸ்காரர் சீட்டும் காலியாகின. அவற்றுக்கும் தேர்தல் வைத்தோம். ஏற்கெனவே ஜெயித்து வந்தவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். புதுக் கமிட்டி என்னையே மேனேஜராக வைத்துக்கொண்டது. எனக்கு ஓட்டு இல்லை, சம்பளம் உண்டு. நிம்மதி.

பில்டர் போன பிறகு கமிட்டி எடுத்துக்கொண்ட முதல் விஷயம் மைதானம்தான். காப்பாற்றியாயிற்று, அதில் என்ன செய்வது? கார்த்திக் கூட்டம் கிரிக்கெட் நெட் வேண்டும் என்றது. நளினி மேடம் கூட்டம் நடைபாதை வேண்டும் என்றது. கடைக்காரர்கள் பெஞ்சு கேட்டார்கள். ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை. அடுத்த ஞாயிறும் சண்டை. மூன்றாவது ஞாயிறும் முடிவில்லாமல் கலைந்தபோது எனக்குத் தலை வெடித்தது.

"என்ன மேடம் இது, சந்தைக்கடை மாதிரி! பாஸ்கர் சார் இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பாரு" என்று நளினி மேடத்திடம் சலித்துக்கொண்டேன்.

அவர் சொன்னார். "ரெஜினா, ஹாங்காங்ல கவர்னர் ஆள் இல்லாம கடைசியா ஒரு கவுன்சில் வந்துதுன்னு சொன்னேன்ல? அது என்னாச்சுன்னு உனக்குச் சொல்லல. வெள்ளைக்காரன் ஊர சீனாகிட்ட ஒப்படைச்சு கொடி மாறின அன்னிக்கே அதக் கலைச்சுட்டாங்க. ஜெயிச்சு வந்தவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளுங்கள உக்கார வெச்சுட்டாங்க. அத்தனை வருஷம் படிப்படியா ஏறினது, ஒரே நாள்ல போச்சு. நான் என் டைப் மிஷினுக்குக் கவர் போட்டு மூடிட்டு வந்தேன். அழக்கூட இல்ல, ஏதோ மரத்துப் போச்சு."

மைதானத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்று கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டினார்.

"இங்க பாரு. ஹேண்டோவர் முடிஞ்சு எத்தனை வாரம் ஆச்சு. யாரும் இவங்கள வீட்டுக்கு அனுப்பல. இன்னும் சண்டை போடறாங்க!" என்று சொல்லி, அந்த அறுபது வயசைத் தாண்டியவர் சின்னப் பெண் மாதிரி கை தட்டினார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவேயில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஹேண்டோவர் அன்று சாவியையும் பம்பையும் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நாளுக்கு முன்னாலேயே, உட்கார்ந்து பார்க்கவும் ஓட்டுப் போடவும் ஜனங்களைப் பழக்கிவிடுங்கள். பழகாத கையில் சாவி மட்டும் கொடுத்தால், வேறொரு ஜி.எம். வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

நாலாவது ஞாயிறு ஓட்டுக்கு விட்டார்கள். கிரிக்கெட் நெட் ஜெயித்தது, நடைபாதை தோற்றது. கார்த்திக் தயங்கித் தயங்கி நளினி மேடத்திடம் வந்து, "சாரி ஆன்ட்டி" என்றான்.

"சாரியா? போடா!" என்றார் அவர். "ஓட்டுல தோத்திருக்கேன்டா நான். எங்க கவுன்சிலுக்கு ஓட்டுல தோக்கக்கூடக் குடுத்து வெக்கல."

மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது, அவர் நெட்டுக்குக் குழி தோண்டுகிற ஆட்களைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். அடுத்த தேர்தலில் சி பிளாக்கில் நிற்கப் போவதாக என்னிடம் கத்திச் சொன்னார்.